ட்விலாவுக்கு ஒரு டீசல் வண்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு டயர் கடையில் கிடைத்தது. சரியாகச் சொன்னால் கதை கிடைக்கவில்லை, ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்த காட்சி மட்டும்தான் கிடைத்தது. பனிக்கால டயர்களைக் கழற்றிவிட்டு வேறு மாட்டச் சொல்லி என் காரை விட்டிருந்தேன். பக்கத்து மனையில் வெண்டெல் என்பவர் பழைய பிக்கப் வண்டிகள் விற்கிறார். அங்கே ஒரு வெள்ளை டீசல் வண்டி நின்றது, அதற்குள் ஒரு ஆள். ஓட்டுகிற இருக்கையில் இல்லை, பக்கத்து இருக்கையில். ஓட்டுகிற இருக்கை காலி. முன்கண்ணாடிக்குக் கீழே மூடி போடாத ஒரு காபிக் கோப்பை. என் டயர்களை மாற்றி முடிக்கிறவரைக்கும் மனிதர் அசையவே இல்லை.

"அவர் என்ன பண்றார்?" என்று வெண்டெலைக் கேட்டேன்.

"வண்டி வாங்குறார்," என்றார் வெண்டெல்.

நடந்தது அவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அந்த ஆள் யார், காபி எதற்கு, ஏன் அந்தப் பக்கம் உட்கார்ந்தார், எதுவும் எனக்குத் தெரியாது. எழுதினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எழுதி முடிக்கப் போகிறேன், இன்னும் தெரியவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "வடமேற்கு ஒஹையோவில் பனி உருகி, சோளக்காடுகளில் தண்ணீர் தேங்கி நின்ற அந்த ஏப்ரல் மாதத்தில்—"

வேண்டாம். பனி உருகுவதில் ஆரம்பித்தால் கடைசியில் யாருடைய மனசோ உருகப் போகிறது என்று நீங்கள் காத்திருப்பீர்கள்.

இரண்டாவது: "ஆர்டன் ஸ்வைகெர்ட்டுக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தொழிற்சாலையில் நாற்காலிகளுக்கும் சோபாக்களுக்கும் மெத்தை தைக்கிற வேலை அவனுக்கு." இது பரவாயில்லை. பெயர் வைத்தாயிற்று. தொழிலை யோசித்துத்தான் கொடுத்தேன், ஓடாத வண்டியில் அத்தனை நேரம் ஒருத்தன் உட்கார்ந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே. [ஆனால் "ஒன்றும் தெரியாது" என்பது கொஞ்சம் அதிகம். இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கும்.]

மூன்றாவது: "மெக்கானிக் ஒரு திருப்புளியை எடுத்து ஆர்டனுடைய பழைய வண்டியின் அடிச்சட்டத்தில் குத்தினார். திருப்புளி மறுபக்கம் வந்தது." இதையே வைத்துக்கொள்கிறேன். பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு இங்கே எல்லா வண்டிகளையும் அடியிலிருந்து தின்றுவிடும், ஆர்டனுடையதையும் தின்றுவிட்டது. வேறு வண்டி வாங்க வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும், இரண்டு வைத்துக்கொள்கிற வசதி அந்த வீட்டில் இல்லை.

அந்த ஒரு வண்டி இரண்டு வேலை செய்தாக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஆர்டனின் மனைவி ட்விலாவை டொலிடோ நகரத்துக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். ஆகஸ்டு மாதம் மாவட்டப் பொருட்காட்சியில் ஸ்லெட் இழுக்க வேண்டும். இழுக்கப் போவது ஆர்டன் இல்லை, ட்விலா. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இழுக்கிறவள். சிறுநீரகம் கெட்டுப்போனதால் போன வருஷம் மட்டும் விட்டுவிட்டாள்.

3

ஸ்லெட் என்றதும் பனியில் குழந்தைகள் சறுக்குகிற பலகை ஞாபகத்துக்கு வந்தால் அதைத் தூக்கித் தூரப் போடுங்கள். இது லாரி நீளத்துக்கு இரும்பு. பின்னால் சக்கரம், முன்னால் மண்ணில் தேய்கிற தகடு, மேலே ஒரு பாரப்பெட்டி. வண்டியைப் பூட்டி இழுக்க இழுக்கப் பெட்டி பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். நகர நகரத் தகடு மண்ணைக் கவ்விக்கொள்ளும். கொம்பனுடைய வண்டியாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் திணறத்தான் வேண்டும். எவ்வளவு தூரம் போய் நின்றது என்பதுதான் போட்டி. முதலில் கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன். பிறகு ஒருமுறை வேலியோரம் நின்று பார்த்தேன். வண்டி உறுமிக்கொண்டு மூக்கைத் தூக்கியபோது என் பல்லெல்லாம் ஆடியது. அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

ட்விலா இழுக்கிற பிரிவில் ஒரு விதி உண்டு. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது. நம்பர் பிளேட்டோடு, தினமும் ஓட்டுகிற வண்டியாக, தன் சக்கரத்தில் மைதானத்துக்குள் வர வேண்டும், தன் சக்கரத்திலேயே வீட்டுக்குப் போக வேண்டும். தப்பிக்க வழியே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிதான் ஸ்லெட்டையும் இழுத்தாக வேண்டும்.

(* எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். இந்த மாவட்டத்தில் கம்பெனிப் பெயருக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். நான் இங்கே குடியிருக்கணும். வெள்ளை, பச்சை என்று நிறத்தை மட்டும் சொல்கிறேன்.)

4

வெள்ளை வண்டியை ஆர்டன் பார்த்துவைத்தான். பச்சையைக் கண்டுபிடித்தது ட்விலாவின் அண்ணன் ரோலண்ட். இரண்டும் வெண்டெலின் மனையில் பக்கம் பக்கமாக நின்றன.

"இதப் பாரு மாப்ள," என்று பச்சையின் முன்மூடியைத் தூக்கினார் ரோலண்ட். "கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டீசலை ஊத்து, இழுக்கும். வேற ஒண்ணும் கேக்காது."

(* இங்கே யாரும் யாரையும் மாப்ள என்று கூப்பிடுவதில்லை. ஆனால் தங்கச்சி புருஷனிடம் இத்தனை உரிமையோடும் இத்தனை நக்கலோடும் பேசுகிற ஒருத்தரை வேறு எப்படிக் கூப்பிடவைப்பது? மாப்ளதான்.)

"குளிர்ல ஸ்டார்ட் ஆகுமா?" என்றான் ஆர்டன்.

"ராத்திரி எஞ்சின் ஹீட்டர் வயரைக் கரண்டுல சொருகி வச்சா ஆகும்."

"சொருக மறந்துட்டா?"

"மறக்காத."

ஆர்டன் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். "ஸ்பிரிங் ஏன் இப்படி இருக்கு?"

"பழைய ஆளு நடுவுல இரும்புக் கட்டையை வச்சு இறுக்கிட்டான். இழுக்கும்போது பின்பக்கம் அமுங்கக் கூடாதுல்ல."

"அப்ப ரோட்டுல போனா?"

"ரோட்டுல போனா ரோடு எப்படி இருக்குன்னு தெரியும்."

ஆர்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. "கட்டையைக் கழட்டிறலாமா?"

"கழட்டலாம். ஆகஸ்டுல திரும்ப மாட்டணும். எல்லாரும் கழட்டுவோம் கழட்டுவோம்னுதான் சொல்றாங்க, ஒருத்தனும் கழட்டுறதில்ல. எனக்கு இடுப்பு போனது அப்படித்தான்."

"வெள்ளை எப்படி?"

"அது சோபா. நீ சோபா தைக்கிற ஆளு, உனக்குப் புடிக்கும். ஆனா புகை வடிகட்டி அடைச்சுக்கிச்சுன்னா கம்ப்யூட்டரே இழுவையைக் குறைச்சிரும். பாதி டிராக்குல, எனக்குக் களைப்பா இருக்கு, போதும்னு சொல்லும்."

"களைப்பா இருக்குன்னு சொன்னா நிறுத்துறதுல என்ன தப்பு?"

ரோலண்ட் முன்மூடியை இறக்கி, அது சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். வண்டியைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று இருவருக்குமே சந்தேகம் வந்துவிட்டது.

5

இந்த இடத்தில் எனக்கு ஆர்டன் மேல் கோபம் வந்தது. ஏனய்யா, பெண்டாட்டியைக் கேட்டால் முடிந்துவிடுகிற விஷயம்தானே? கதாபாத்திரம் இவ்வளவு மண்டுவாக இருந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அதனால் முந்தின பக்கத்துக்குப் போய், ஆர்டன் அவளைக் கேட்கிற மாதிரி ஒரு காட்சி எழுதினேன். அதனால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

மார்ச் மாதம். ட்விலா காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறாள். சோபாவில் படுத்து, ஊசி குத்துகிற இடது கையைத் தலையணைமேல் நீட்டிவைத்திருக்கிறாள். ஆர்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழைய வண்டியின் அடியில் திருப்புளி புகுந்ததைச் சொல்கிறான். எந்த மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்கிறான்.

"உனக்கு எது சரின்னு படுதோ அத எடு," என்கிறாள் ட்விலா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

[முதல் பிரதியில் "உங்களுக்கு எது சரின்னு படுதோ அத எடுங்க" என்று எழுதியிருந்தேன். உடனே அவள் வேறு யாரோ ஒருத்தியாகி, அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அடித்துவிட்டேன். ட்விலா புருஷனை நீ என்றுதான் சொல்வாள்.]

அந்த வாக்கியத்தை ஆர்டன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனான், கொண்டுவந்தான், ராத்திரி அதோடு படுத்தான். நம்பி ஒப்படைக்கிறாளா? இனி எந்த வண்டியாக இருந்தால் எனக்கென்ன என்கிறாளா? கோபமா? அசதியா? அசதி என்றால் வெள்ளையை எடுக்க வேண்டும். வெள்ளையை எடுத்தால், இவளால் இனி இழுக்க முடியாது என்று அவன் முடிவு கட்டிவிட்டதாக அவள் நினைப்பாள். பச்சையை எடுத்தால் டொலிடோ வரைக்கும் நாற்பது மைலும் அவள் உடம்பு உதறும், ஜனவரியில் ஒருநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது, டயாலிசிஸ் தவறும். தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று என்னைக் கேட்பீர்கள். எழுதினவன் நான்தானே. சத்தியமாகத் தெரியாது.

6

அதனால் ஆர்டன் ஒரு காரியம் செய்தான். இனி காபி வருகிறது.

ஒரு கோப்பை நிறையக் காபியை மூடி போடாமல் வெள்ளை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தான். டொலிடோ போகிற சாலையிலேயே, குழி விழுந்த பாலம், ரயில்பாதை எல்லாம் தாண்டி, ஓட்டச் சொன்னான் வெண்டெலை. தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். ட்விலா உட்காருகிற இடம் அதுதான். மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தான், முழங்கை வைக்கிற இடத்தின் உயரத்தைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு அவளாக இருந்து பார்த்தான். காபி நடுங்கியது, சிந்தவில்லை. திரும்பி வந்தபிறகும் இறங்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பச்சை. காபி பாலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. ரயில்பாதையில் கோப்பையே எழும்பி அவன் மடியில் விழுந்தது.

வீட்டுக்குப் போனதும் ட்விலா பேண்டைப் பார்த்துவிட்டாள். "என்ன கறை?"

"காபி."

"எங்க கொட்டிக்கிட்ட?"

ஆர்டனுக்குப் பொய் சொல்ல வராது. கோப்பை, பாலம், ரயில்பாதை, மெத்தை, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். ட்விலா எழுந்து உட்கார்ந்தாள்.

"இதுல நான் யாரு? காபியா, சீட்டா?"

"அப்படியில்ல ட்விலா—"

"டாக்டர் சொன்னாருன்னு எனக்குக் குடிக்க அளந்து அளந்து குடுக்குற. வண்டிக்கு முழுக் கப்பு ஊத்திருக்க."

ஆர்டன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஸ்டியரிங் பக்கம் உக்காந்து பாத்தியா?"

"வெண்டெல்தான் ஓட்டுனாரு."

"நான் கேட்டது நீ உக்காந்தியான்னு."

"இல்ல."

"ஏன் உக்காரல?"

"அங்க நீ உக்கார மாட்டியே," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. இழுக்கிறதற்காக வண்டி பார்க்கப் போய், இழுக்கிறவள் உட்காருகிற இடத்தை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

ட்விலா சத்தம் போடவில்லை. "டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது எனக்குத் தலை சுத்தும், நீ ஓட்டு. போகும்போது எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா போகும்போதும் நீதான் ஓட்டுற. நானும் கேக்கல, நீயும் கேக்கல. அப்படியே பழகிப்போச்சு."

"நீ களைச்சுப் போயிருவியேன்னுதான்."

"களைச்சா சொல்லுவேன். எனக்கு வாய் இருக்கு."

மறுநாள் அவளே போய் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். அப்பாடா என்று நான் பேனாவைக் கீழே வைத்தேன். இப்போது தெளிவாகிவிடும், பச்சைதான் என்பாள், கதை முடியும். ஆர்டனும் மனையில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றான். அவள் வெள்ளையிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"எது?" என்றான்.

"தெரியல."

"பச்சை இழுக்கும்னு உங்கண்ணன் சொல்றாரு."

"இழுக்கும். ஓட்டுனப்ப எனக்கே தெரிஞ்சுது." சாய்ந்திருந்த கதவை உள்ளங்கையால் தடவினாள். "வெள்ளைல உக்காந்ததும் தூக்கம் வந்துச்சு ஆர்டன். அவ்ளோ சுகமா இருந்துச்சு. அப்படியே சாஞ்சு தூங்கிறலாம், இனிமே யாரும் என்னை எதுவும் கேக்க வேண்டாம்னு தோணுச்சு. அதான் பயமா இருக்கு."

ஆர்டன் அவள் தோளில் கை வைக்கலாமா, அதுவும் தப்பாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் படைத்த ஆள்தான், ஆனாலும் பாவமாக இருந்தது.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

வெள்ளையை வாங்குகிறார்கள். மாதங்கள் சுகமாகக் கழிகின்றன. ட்விலா பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டே போகிறாள், தூங்கிக்கொண்டே வருகிறாள். ஆகஸ்டில் பொருட்காட்சிச் சுவரொட்டியைப் பார்த்து "இந்த வருஷமும் வேணாம்" என்கிறாள். அந்த "வேணாம்" என்ற சொல்லை எழுதிவிட்டு நான் எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

பச்சையை வாங்குகிறார்கள். ஜனவரியில் ஒரு காலை, ஹீட்டர் வயர் சொருகியிருந்தும் கரண்ட் போய்விடுகிறது. ஆர்டன் சாவியைத் திருப்புகிறான், திருப்புகிறான், ட்விலா கோட்டு போட்டுக்கொண்டு வாசலில்— இதை முடிக்க மாட்டேன்.

மூன்றாவது முடிவில் ரோலண்ட் தன் வண்டியையே கொடுத்துவிடுகிறார். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆக, அவர்கள் எதை வாங்கினார்கள் என்று நான் தீர்மானிக்கவில்லை. [வெள்ளை / பச்சை] என்று எழுதி அப்படியே விட்டிருக்கிறேன். ஏதோ ஒன்றை வாங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் ஓட்டினாள், வரும்போது அவன் ஓட்டினான். இது மட்டும் உறுதி, இதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

8

ஆகஸ்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மறுநாள் டயாலிசிஸ் நாள். ட்விலா [வெள்ளை / பச்சை] வண்டியை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வருகிறாள். புழுதி அப்பியிருப்பதால் என்ன நிறமென்று வேலியோரம் நிற்கிறவர்களுக்கும் சரியாகத் தெரியாது. குலுக்கல் எடுத்ததில் அவளுக்கு முதல் எண் விழுந்திருக்கிறது.

முதல் எண்ணை யாரும் விரும்ப மாட்டார்கள். அன்றைக்கு மண் எப்படி இருக்கிறது, பாரம் எவ்வளவு வைக்கலாம் என்று பார்ப்பதற்கு முதல் ஆள்தான் பலி. அதற்கு ஈடாக ஒரு சலுகை உண்டு. முதலில் இழுத்தவர் தன் தூரத்தை வைத்துக்கொள்ளலாம். அல்லது அதை அழித்துவிட்டு, எல்லாரும் இழுத்தபின் இன்னொரு தடவை இழுக்கலாம். இரண்டாவதில் தூரம் கூடினாலும் குறைந்தாலும் அதுதான் கணக்கு. எதுவானாலும் டிராக்கை விட்டு இறங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

ஸ்லெட்டைப் பூட்டினார்கள். பச்சைக் கொடி அசைந்தது. வண்டி நேராகப் போனது, நன்றாகவே போனது, பாதிக்கு மேல் போனபிறகு பாரப்பெட்டி முன்னால் வந்து அமுக்கியது. சக்கரம் மண்ணைத் தோண்ட ஆரம்பித்ததும் ட்விலா காலை எடுத்துவிட்டாள். மோசமான தூரம் இல்லை. பரிசுக்குப் போதுமா என்றால் தெரியாது.

கொடிக்காரர் அவளுடைய ஜன்னலுக்குப் போனார். "இத வச்சுக்கிறியாம்மா, இல்ல கடைசியா இன்னொரு தடவை இழுக்குறியா?"

வைத்துக்கொண்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம், குளிக்கலாம், படுக்கலாம். இன்னொரு தடவை என்றால் இந்த வெயிலிலும் புழுதியிலும், தொண்டை காய்ந்தாலும் தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டு, எல்லாரும் முடிக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆர்டனுக்குத் தலை தானாகவே போதும் என்று ஆடப் பார்த்தது. ரோலண்ட் அவன் விலாவில் இடித்தார்.

"இன்னொரு தடவைன்னு கையைக் காட்டு மாப்ள."

ட்விலா தலையைத் திருப்பி வேலிப் பக்கம் பார்த்தாள். தலைக்கவசம் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. அவனைக் கேட்கிறாளா, சும்மா பார்க்கிறாளா, போன மார்ச்சில் கண்ணை மூடிக்கொண்ட மாதிரி எல்லாவற்றையும் அவன் தலையில் போடுகிறாளா, ஒன்றும் புரியவில்லை. ஆர்டன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். தலையை ஆட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டான்.

"என்ன பண்ற நீ? அவ உன்னைத்தான் பாக்குறா."

"தெரியும்."

"ஏதாவது சொல்லேன்யா."

"என்னைக் கேக்கல," என்றான் ஆர்டன். அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது, அதற்குப் புழுதியும் காரணமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் முதலிலிருந்தே திட்டம் போட்டிருந்தேன். இப்போது கொடுக்க மனசு வரவில்லை. உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும். ரோலண்டுக்கு இருக்கிறது, அவர் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் இருக்கிறது, அதை இந்தப் பக்கத்தில் எழுதாமல் இருக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் கொடிக்காரர் ஜன்னலில் நின்று கேட்டது உங்களையும் இல்லை, என்னையும் இல்லை.

ட்விலா கண்ணாடியை முழுசாக இறக்குகிறாள். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள். ஏதோ சொல்கிறாள். கொடிக்காரர் தலையாட்டுகிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, வேலியோரம் நிற்கிற எங்கள் யாருக்கும் அவள் சொன்னது கேட்கவில்லை.